முள் ஏறுது… வண்டியை நிறுத்து!

கத்திரி வெயில், சாலை நெரிசல், போர் தண்ணீர்: மேற்குப் புறநகரில் கார்கள் கொதிப்பது ஏன்? காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மே மாதம், மதியம் 2 மணி. குமணன்சாவடி சிக்னலுக்குச் சற்று முன்னால் மெட்ரோ தூணின் நிழல் ரோட்டோரமாக ஒல்லியாக விழுந்திருக்கிறது. அந்த நிழலுக்குள் பாதி உடம்பை நுழைத்து நிற்கிறது ஒரு வெள்ளை டாக்ஸி. போனட் இடுக்கிலிருந்து ஆவி பறக்கிறது. பின் சீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வயதான அம்மா, முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறார். டிரைவர் பையனுக்கு முப்பது வயது இருக்காது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடிக்கப் போகிறார்.

“தம்பி, தொடாத! கைய எடு!”

ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஓடி வருகிறார் ஒரு பெரியவர்.

“தண்ணி சுத்தமா இல்ல போலண்ணே. ஊத்திட்டுக் கிளம்பிடலாம்னு…”

“ஊத்தலாம். அரை மணி நேரம் போவட்டும். இப்பத் தொறந்தா மூஞ்சியிலதான் அடிக்கும்.”

அந்த அம்மா வேறு ஆட்டோ பிடித்துப் போகிறார். அரை மணி நேரம் கழித்து, டீக்கடைக் குடத்திலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் ரேடியேட்டருக்குள் போகிறது. வண்டி கிளம்புகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு டிரைவரும் கிளம்புகிறார்.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் சாலைகளில் கோடைக்குக் கோடை நடக்கும் காட்சி இது. ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்காமல் மறுபடி ஊற்றிக்கொண்டு ஓட்டுவதில்தான் ஒரு சின்னக் கோளாறு பெரிய செலவாக வளர்கிறது. சூடு என்பது காய்ச்சல் மாதிரி. நோய் வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நின்னா சூடாவுதா, ஓடுனா சூடாவுதா?

நல்ல மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இதைத்தான் கேட்பார். பாதி விஷயம் உங்கள் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

அம்பத்தூர் ஓ.டி. நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி 80-ல் போனால் தானாக இறங்கிவிடுகிறது என்றால், சந்தேகம் முதலில் ஃபேன் மேல்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுக்க மின்சார ஃபேனுடையது. இதற்கு ஒரு துணைச் சாட்சியும் உண்டு: சிக்னலில் நிற்கும்போது ஏசியின் குளிர்ச்சியும் குறைகிறதா? இரண்டுக்கும் ஒரே ஃபேன், அல்லது பக்கத்துப் பக்கத்து ஃபேன் என்பதால், இரண்டும் சேர்ந்து தளர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயரிங், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் சுற்றினால், மோட்டார் நிரபராதி. ரிலேவுக்கு ஆகிற செலவில் முடிய வேண்டிய வேலைக்கு முழு ஃபேன் அசெம்பிளியையும் மாற்றிவிடும் கொடுமை இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் நடக்கிறது.

இதற்கு நேர்மாறாக, டிராஃபிக்கில் ஒழுங்காக இருக்கும் வண்டி சென்னை பைபாஸில் வேகமெடுத்ததும் சூடாகிறதா? அப்படியானால் ஃபேனை விட்டுவிடலாம். எஞ்சின் அதிக சக்தியைக் கொடுக்கும்போது அதிக வெப்பமும் வருகிறது. அதை ரேடியேட்டரால் வெளியே தள்ள முடியவில்லை. உள்ளே குழாய்கள் அடைத்திருக்கலாம். வெளியே இலைத் தகடுகளில் தூசியும் பூச்சியும் பாலிதீனும் அப்பியிருக்கலாம். வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். கீழ் ஓஸ் பழசாகித் தளர்ந்து, பம்ப் உறிஞ்சும் வேகத்தில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. வண்டி நின்றிருக்கும்போது பார்த்தால் அந்த ஓஸ் நன்றாகத்தான் தெரியும்; ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

காலையில் கிளம்பி ஐந்து, பத்து நிமிடத்துக்குள்ளேயே முள் உச்சிக்குப் போனால், தெர்மோஸ்டாட் வால்வு மூடியபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஓஸும் அங்கிருந்து திரும்பும் கீழ் ஓஸும் எப்படி இருக்கின்றன என்று ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்று கொதித்து இன்னொன்று குளிர்ந்து கிடந்தால், கூலன்ட் சுற்றி வரவில்லை என்று அர்த்தம். சமீபத்தில் கூலன்ட் மாற்றிய வண்டியாக இருந்தால் ‘ஏர் லாக்’ ஆகியிருக்கலாம். கூலன்ட் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் மூடியைப் போட்டு அனுப்பிவிட்டால் வரும் வினை அது.

ஹீட்டர் சோதனையும் நல்ல சோதனை. சென்னையில் யாரும் தொடாத பட்டன் அது. முள் சிவப்பில் இருக்கிறது, ஹீட்டரைப் போட்டால் அனல் காற்று வர வேண்டும். ஆறின காற்று வந்தால், எஞ்சினில் கூலன்ட் போதவில்லை, அல்லது காற்று சிக்கியிருக்கிறது. முள் சிவப்பில் இருந்தும், ஆவி இல்லை, வாடை இல்லை, ஃபேன் அலறவில்லை, ஹீட்டர் சாதாரண சூட்டில்தான் இருக்கிறது என்றால், எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லாமல் சென்சார் பொய் சொல்லவும் வாய்ப்பு உண்டு. ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ‘டெம்பரேச்சர் கன்’ அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். ஸ்கேனரை மாட்டினால் எஞ்சின் கணினியே சாட்சி சொல்லும்: பி0217 என்றால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, பி0128 என்றால் அது சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகவில்லை. இரண்டாவது கோடு வந்தால் அநேகமாக தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள்.

இவற்றையெல்லாம்விட மோசமான துப்பு ஒன்று உண்டு. எங்கேயும் ஒழுகவில்லை, ஆனால் வாரா வாரம் கூலன்ட் குறைகிறது. அப்போது ரேடியேட்டர் வாயில் கைபம்ப் மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். மீட்டர் முள் மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு குட்டித் துளை இருக்கும். அதில் ஈரம் இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. முன் சீட்டில் கால் வைக்கும் இடத்துக் கார்பெட் நனைந்து இனிப்பான வாடை அடித்தால் ஹீட்டரின் உள் ரேடியேட்டர் ஓட்டை. இதெல்லாம் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை ஒரு நீல நிற திரவத்தின் வழியாக விட்டுப் பார்க்கும் சோதனை அதற்கென்றே இருக்கிறது. திரவம் மஞ்சளாக மாறினால், எரிந்த புகை கூலன்ட்டுக்குள் கலந்திருக்கிறது. சந்தேகமே வேண்டாம், ஹெட்டை இறக்க வேண்டியதுதான். இந்தச் சோதனை பாசிட்டிவ் என்று காட்டாமல் “ஹெட்டை இறக்கணும் சார்” என்று யாராவது சொன்னால், காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

————————————
எண்கள் சொல்வது

● எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை கூலன்ட்தான் சுமந்து வெளியேற்றுகிறது.

● பெரும்பாலான கார்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் திறக்க ஆரம்பிக்கும். 95 - 100 டிகிரி வாக்கில் ஃபேன் சுற்றும்.

● ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அதற்கும் மேலே.

● கூலன்ட் 95 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. வெளியே 40 டிகிரி என்றால் வித்தியாசம் 55. அதே ரேடியேட்டரின் திறன் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் அந்தக் காற்றை மேலும் சூடாக்கி அனுப்புகிறது.

● 2003 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.
————————————

போர் தண்ணீர் செய்யும் வேலை

“நம்ம ஊர்ல என்ன ஐஸா கட்டுது? கூலன்ட் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு.” படித்தவர்கள், பொறியியல் முடித்தவர்கள்கூட இதைச் சொல்லிக் கேட்க முடிகிறது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். நம் ஊருக்குத் தேவைப்படுவது அதன் மற்ற இரண்டு வேலைகள்: கொதிநிலையை உயர்த்துவது, உள்ளே இருக்கும் அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காப்பது.

மேற்குப் புறநகரில் பல தெருக்களில் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்தாலே போர் தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். பக்கெட்டில் வெள்ளைப் படிவு, குழாய் வாயில் உப்பு, சில இடங்களில் பழுப்பு நிறம். அதே தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். எஞ்சினில் அந்த இடம் சிலிண்டர் ஹெட். எந்த இடத்தை முதலில் குளிர்விக்க வேண்டுமோ, அந்த இடத்திலேயே உப்பு போர்வை போர்த்திவிடுகிறது. தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. அரித்த துகள்கள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைகின்றன. ஒரு தடவை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. ஊற்றி, ஆவியாகி, மறுபடி ஊற்றி, மறுபடி ஆவியாகி… ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது.

2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழல் ஏரியும் வறண்டபோது வீடுகளிலேயே குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக் கிடந்தோம். கிடைத்த தண்ணீரை ஊற்றியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நடுவழியில் நிற்கும்போது எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். ஒர்க்‌ஷாப் போய்ச் சேர அது உதவும். போய்ச் சேர்ந்ததும் அதைச் சுத்தமாக வடித்துவிட்டு, கம்பெனி சொன்ன கூலன்ட்டை அதே அளவு கலவையில் நிரப்ப வேண்டும் என்பதுதான் நாம் மறந்துபோகும் பகுதி. கலக்குவதற்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அடர் (கான்சென்ட்ரேட்) கூலன்ட்டைக் கலக்காமல் அப்படியே நிரப்புவதும் தவறு. அதிலுள்ள வெறும் கிளைக்காலுக்கு வெப்பத்தைச் சுமக்கும் திறன் தண்ணீரைவிடக் குறைவு. பச்சை, சிவப்பு, பிங்க் என்ற நிறத்தை வைத்து வாங்க வேண்டாம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் எழுதியிருக்கும் வகையைத்தான் வண்டியின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று மஞ்சள் தூள். ஒழுகும் ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி மஞ்சள் தூளைப் போட்டு அடைப்பது லாரிக்காரர்கள் காலத்து வைத்தியம். பித்தளை, செம்பு ரேடியேட்டர் இருந்த நாட்களில், குழாய்கள் அகலமாக இருந்ததால் அது பலித்தது. அடைத்தாலும் ரேடியேட்டர் ஒர்க்ஸ் கடைக்காரர் தொட்டியைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். இன்றைய ரேடியேட்டர் அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்தது. அதில் மஞ்சள் தூள் ஓட்டையை அடைப்பதோடு நிற்காது, ஓட்டையில்லாத குழாய்களையும் அடைக்கும்.

கழற்றி எறிந்த வால்வு

மேற்குப் புறநகரில் மட்டுமா, தமிழ்நாடு முழுக்க நடக்கும் ஒரு பழக்கத்தை இங்கே கடுமையாகவே கண்டிக்க வேண்டியிருக்கிறது. வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவது. “நம்ம வெயிலுக்கு இது தேவையில்ல சார்.”

தேவை இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் கணினி அதிக பெட்ரோலைத் தெளிக்கும். மைலேஜ் குறையும், ஆயிலில் ஈரம் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பல எஞ்சின்களில் இந்த வால்வுக்கு இரட்டை வேலை. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அது மூடுகிறது. வால்வைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே வெயிலில் ஏற்றத்தில் சூட்டைக் கூட்டிவிடும். சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரத்துக்குள் முடிகிற ஒரு பொருளை மாற்றாமல் தூக்கி எறிவது சிக்கனம் ஆகாது.

இதே வரிசையில் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது எத்தனால். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்த பிறகு, எந்தக் கோளாறு வந்தாலும் அதன் தலையில் போடுகிறோம். மைலேஜ் குறைவதும், பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் பாதிக்கப்படுவதும் பேச வேண்டிய விஷயங்களே. ஆனால் ஃபேன் சுற்றாததற்கும் ரேடியேட்டர் அடைத்ததற்கும் எத்தனால் பொறுப்பேற்காது. அதைத் திட்டிக்கொண்டே கூலன்ட்டைப் பார்க்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

மேபாக்கும் ஆவடியும்

கார் சூடாகும் சிக்கல் புதிதல்ல. 1888 ஆகஸ்டில் கார் கண்டுபிடிப்பாளரின் மனைவி பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போனபோது வழியெல்லாம் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. தண்ணீர் ஆவியாவதுதான் அன்றைய குளிரூட்டும் முறை. அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக். 1900-ல் உருவான மெர்சிடிஸ் 35 எச்.பி. காருக்கு, 8,070 குட்டிக் குழாய்களை அடுக்கித் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். அவர் மகன் கார்ல் மேபாக் வளர்த்த எஞ்சின் நிறுவனம்தான் பிற்காலத்தில் எம்.டி.யு. ஆனது. ஆவடி போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்து, அடுத்திருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் அர்ஜுன் டாங்கியின் 1,400 குதிரைத்திறன் எஞ்சின் எம்.டி.யு. தயாரிப்பு. ராஜஸ்தான் பாலைவன வெயிலில், எதிர்க்காற்றை நம்ப முடியாமல் ஃபேன்களைக் கொண்டே அந்த எஞ்சினைக் குளிர வைக்க வேண்டும். பக்கத்திலேயே 1987 முதல் இயங்கும் எஞ்சின் தொழிற்சாலை டி-72, டி-90 டாங்கிகளுக்கு எஞ்சின் செய்கிறது.

பாடியில் 1966-ல் தொழிற்சாலை தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1990-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் இங்கிலாந்து ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு இயந்திரங்களையே மொத்தமாக வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கார்களுக்கு இங்கிருந்து மூடி போனது. 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யாத தெரு அபூர்வம். உலகத்துக்கு மூடி செய்து அனுப்பிய ஊரில், சொந்த வண்டியின் மூடியில் ரப்பர் காய்ந்து போயிருக்கிறதா என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கூலன்ட் முன்கூட்டியே கொதித்துவிடும். பல சிக்கல்களில் மாற்ற வேண்டிய முதல் பொருளும், விலை குறைந்த பொருளும் அதுதான்.

வெள்ளம் வடிந்தாலும் சேறு வடியாது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூர், பட்டரவாக்கம் பகுதிகளும் மூழ்கின. அப்போது எல்லோரும் கேட்டது எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்ததா என்பதைத்தான். புகாத வண்டிகளைக் கழுவி ஓட்ட ஆரம்பித்துவிட்டோம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள விரல் இடைவெளியில் படிந்த சேற்றை யார் கழுவினார்கள்? முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர்தான் தெரியும், அது சுத்தமாகத்தான் இருக்கும். பின்னால் ரேடியேட்டர் முகத்தில் களிமண் காய்ந்து கிடக்கும். தண்ணீரில் ஊறிய ஃபேன் மோட்டாரின் பேரிங்கும் வயர் கனெக்டர்களும் துருப்பிடித்து, மாதங்கள் கழித்துத்தான் மக்கர் செய்யும். டிசம்பரில் நனைந்த வண்டி மே மாதத்தில் சூடானால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

வாட்டர் சர்வீஸில் முழு அழுத்தத்தோடு அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய இலைகள் மடங்கிக் காற்று வழியே மூடிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த வேகத்தில் கழுவச் சொல்லுங்கள்.

‘ஒர்க்‌ஷாப் வரைக்கும்’ என்ற இரண்டு கிலோமீட்டர்

எஞ்சினின் அடிப்பாகம் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் தகடாகப் படுத்திருக்கும் கேஸ்கெட், சாதாரணச் சூட்டில் அந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். சிவப்புக்கு மேல் போன எஞ்சினை “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டும்போது ஹெட் வளைகிறது. எத்தனை வளைந்தால் குற்றம்? பல எஞ்சின்களில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத அந்த வளைவில் கேஸ்கெட் ஒரு பக்கம் பிடியிழக்கிறது. கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகையாக வருகிறது. அல்லது ஆயிலில் கலந்து, ஆயில் மூடியைத் திறந்தால் பால் டீ நிறத்தில் நுரைத்துக் கிடக்கிறது. அந்த ஆயிலுக்கு வழவழப்பு இல்லை. அடுத்து போவது பேரிங். அதற்கடுத்து கிராங்க் ஷாஃப்ட்.

முதல் நாள் ஓஸ் கிளிப் தளர்ந்ததுதான் காரணமாக இருந்திருக்கும். அன்றைக்கு நின்றிருந்தால் நூறு ரூபாயில் முடிந்த வேலை. கேஸ்கெட் போய் ஹெட் வளைந்த பிறகு சிறிய காருக்கே பல்லாயிரம் ரூபாய். எஞ்சின் இறுகிப் பிடித்துவிட்டால் செலவு பழைய வண்டியின் விலையைத் தொட்டுவிடும். அம்பத்தூரில் ஹெட்டைச் சமமாகச் சீவிக் கொடுக்கும் கைதேர்ந்த லேத் பட்டறைகள் இருப்பது இந்தப் பகுதியின் அதிர்ஷ்டம். ஆனால் ஹெட்டைச் சீவுவதற்கும் எல்லை உண்டு. சீவும்போதெல்லாம் எரியறையின் கொள்ளளவு குறைந்து அழுத்தம் கூடும். சீவுவதற்கு முன் விரிசல் இருக்கிறதா என்று தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். விரிசல் விட்ட ஹெட்டைச் சீவி மாட்டினால் அடுத்த மாதம் அதே செலவு மறுபடி வரும்.

கணக்கு அங்கேயும் முடிவதில்லை. சொந்தக் கார்க்காரருக்கு இது எரிச்சலும் செலவும். டாக்ஸி டிரைவருக்கு வேறு. ஹெட்டை இறக்கினால் வண்டி நாட்கணக்கில் நிற்கும். சவாரி இல்லை, ஆனால் மாதம் பிறந்தால் ட்யூ கட்டியாக வேண்டும். ரிப்பேருக்குக் கடன், அந்தக் கடனை அடைக்க ராத்திரி ஓட்டம், ராத்திரி ஓட்டத்தில் மெயின்டனன்ஸுக்கு நேரமில்லை. அடுத்த கோடையில் அந்த வண்டி மறுபடி எங்கோ ரோட்டோரத்தில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். ஸ்கூல் வேன் என்றால், வெயிலில் வரிசையாக நிற்கப்போவது குழந்தைகள். அந்த வேனின் கூலன்ட் மட்டத்தைப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறேயில்லை.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் பாலிசியை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. சாதாரண மோட்டார் பாலிசி விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. இயந்திரக் கோளாறு அதில் சேராது. கூடுதல் பணம் கட்டி எடுக்கும் எஞ்சின் பாதுகாப்புத் திட்டங்களும் பெரும்பாலும் தண்ணீர் புகுவது, ஆயில் கசிவது போன்றவற்றைத்தான் சொல்கின்றன. சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால் வந்த சேதத்துக்கு வாரண்டியிலும் வாதாடுவது கடினம்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ரேடியேட்டரைத் திறந்தால் துரு நிறத் தண்ணீர், விளிம்பில் வெள்ளைப் படிவு, ஆயில் மிதப்பு இருந்தால் அந்த வண்டியின் கடந்த காலம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பல சிறிய கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சாவி போட்டதும் மற்ற விளக்குகளோடு அந்தச் சிவப்பு விளக்கும் ஒரு நொடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். கம்பெனிகள் முள்ளை எடுத்துவிட்டது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. முள் மெல்ல ஏறுவதைப் பார்த்து எச்சரிக்கையாகும் அவகாசத்தை விளக்கு தருவதில்லை. அது எரியும்போது பாதி ஆபத்து நடந்திருக்கும்.

பணத்தைவிடப் பெரியது காயம். மூடிய ரேடியேட்டருக்குள் 110 டிகிரியிலும் திரவமாக இருக்கும் கூலன்ட், மூடி திறந்து அழுத்தம் போனதும் அந்த நொடியே ஆவியாகப் பீறிடும். முகம், கழுத்து, கை வெந்துபோகும். துணியைச் சுற்றிக்கொண்டால் போதும் என்பது பொய் நம்பிக்கை. துணி சூடான திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். வெந்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவக் கூடாது. முகத்தில் பட்டிருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

————————————
நடுரோட்டில் முள் ஏறினால்…

ஏசியை அணையுங்கள். கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் போடுங்கள். வியர்க்கும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டுங்கள்.

முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ ஆவி வந்தாலோ எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆவி நின்ற பிறகு போனட்டைத் திறக்கலாம். சாவி இல்லாமலேகூட ஃபேன் திடீரென்று சுற்றும், கை ஜாக்கிரதை.

அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். மேல் ஓஸ் கையால் அழுத்தும் அளவுக்கு ஆறித் தளர்ந்த பிறகே மூடி. கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

தண்ணீர் ஊற்றியும் கீழே ஒழுகினால், ஃபேன் சுற்றாவிட்டால், ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஓட்ட வேண்டாம், கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் உதவி எண் 1033.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். அது இனிக்கும் விஷம். குழந்தையும் தெருநாயும் நக்கினால் உயிருக்கே ஆபத்து.
————————————

கத்திரிக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போனட்டைத் திறந்து ரிசர்வ் டேங்கில் கூலன்ட் ‘மின்’, ‘மேக்ஸ்’ கோடுகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று கேளுங்கள். கூலன்ட் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, அன்றைய தேதியை எழுதி வையுங்கள். அடுத்த வாரமும் குறைந்திருந்தால் மறுபடி நிரப்பாமல் நேராக மெக்கானிக்கிடம் போங்கள். “வண்டி சூடாவுது, பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராமல், எப்போது சூடாகிறது, எங்கே சூடாகிறது, எத்தனை நாளில் எவ்வளவு குறைகிறது என்று சொல்லுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.